ஆறுவது வேறு, வளர்வது வேறு – ஈறு சிகிச்சையின் வரலாறு

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. சரி, அந்தப் பல் எப்படிப் போகிறது? யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று சொத்தை, மற்றொன்று வயது. "வயசானா பல்லு ஆடத்தானே செய்யும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அப்படி ஆடி விழுந்த பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். பல நேரங்களில் அந்தப் பல்லில் எந்தக் குறையும் இருக்காது. ஓட்டை இல்லை, உடைசல் இல்லை, வேர் கூட முழுசாக இருக்கும். பிறகு ஏன் விழுந்தது?

மரம் நன்றாகத்தான் இருந்தது. அடியில் இருந்த மண்தான் அரித்துப் போய்விட்டது!

பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போவதுதான் இதற்குக் காரணம். நம் ஊரில் இதைப் பொதுவாக 'பயோரியா' என்று சொல்வார்கள். நோயை நிறுத்துவது எப்படி என்று மருத்துவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் கரைந்துபோன எலும்பும், அதோடு பல்லை இணைத்திருந்த நார்களும் திரும்ப வளருமா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாறு பல்லைப் பற்றியது மட்டுமல்ல. உடம்பில் ஒரு காயம் 'ஆறிவிட்டது' என்று நாம் சொல்லும்போது உண்மையில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதைப் பற்றியதும் கூட.

பல் எப்படி நிற்கிறது?

சுவரில் ஆணி அடித்தது போல் பல் எலும்புக்குள் நேரடியாக இறுகி நிற்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மிக மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அதன் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளி முழுவதும் ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள். ஒவ்வொரு நாரின் ஒரு முனை எலும்பில் புதைந்திருக்கும். மறுமுனை வேரைப் போர்த்தியிருக்கும் 'சிமெண்டம்' என்ற மெல்லிய கடினப் பூச்சில் புதைந்திருக்கும். கயிற்றுக் கட்டிலில் படுத்தவரைக் கயிறுகள் தாங்குவது போல இந்த நார்கள்தான் பல்லைத் தாங்குகின்றன. முறுக்கைக் கடிக்கும்போது வரும் அதிர்ச்சியை எல்லாம் வாங்கிக்கொள்வதும் இவைதான்.

ஆக ஒரு பல் நிற்க நான்கு பேர் வேண்டும். மேலே மூடியிருக்கும் ஈறு, எலும்பு, சிமெண்டம், நடுவில் நார்கள்.

பல்லின் மேல் படியும் கிருமிப் படலத்தைத் துலக்கி எடுக்காமல் விட்டால் ஈறு சிவந்து வீங்கும், துலக்கும்போது ரத்தம் வரும். அந்தப் படலம் நாளடைவில் கெட்டிப்பட்டுக் காரையாக மாறும். சிலருக்கு இந்த அழற்சி ஈறோடு நிற்காமல் உள்ளே இறங்குகிறது. ஈறு பல்லை விட்டு விலகி, நடுவில் ஒரு பை போன்ற பள்ளம் உண்டாகிறது. நார்கள் அறுகின்றன, எலும்பு பின்வாங்குகிறது. இத்தனைக்கும் பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால்தான் பல் ஆடத் தொடங்கும் வரை பலருக்கும் விஷயமே தெரிவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நஷ்டத்தில் ஓடும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். நஷ்டத்தை நிறுத்துவது ஒன்று. போன முதலை மீட்பது முற்றிலும் வேறொன்று. பல்லைச் சுத்தம் செய்து அழற்சியை அடக்கினால் நஷ்டம் நிற்கும், ரத்தம் வருவது நிற்கும், ஈறு இறுகும். பார்ப்பதற்கு எல்லாம் ஆறியது போலவே இருக்கும். ஆனால் போன முதல் திரும்பி வந்திருக்காது.

சுரண்டுவதா, வெட்டுவதா?

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். மயக்க மருந்தின் வரலாற்றிலும் இவருக்கு ஓர் இடம் உண்டு. 1844 டிசம்பரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற சக பல் மருத்துவர் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்துவிட்டு நாற்காலியில் சாய, அவருடைய பல்லைப் பிடுங்கியவர் இந்த ரிக்ஸ்தான்!

பல் ஆடினால் பிடுங்குவதுதான் வழி என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ரிக்ஸ் அதை ஏற்கவில்லை. ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டால் பல்லைக் காப்பாற்றலாம் என்றார், செய்தும் காட்டினார். ஈறை வெட்டக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அமெரிக்காவில் நெடுங்காலம் இந்த நோயையே 'ரிக்ஸ் நோய்' என்று அழைத்தார்கள்.

இன்னொரு பக்கம் வெட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். 1884-இல் ராபிசெக் என்ற மருத்துவர், தளர்ந்துபோன ஈறை அறுத்து நீக்கும் முறையை விவரித்தார். 1918-இல் ஸ்வீடனைச் சேர்ந்த லியோனார்டு விட்மன், ஈறை ஒரு கதவைப் போலத் திறந்து, உள்ளே வேரையும் எலும்பையும் சுத்தம் செய்து, மீண்டும் மூடித் தைக்கும் முறையை வெளியிட்டார். சீழுக்கு அடியில் இருக்கும் எலும்பு செத்துப்போனது, அதைச் சுரண்டி எடுத்தால்தான் புண் ஆறும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. 1935-இல் க்ரோன்ஃபெல்டு என்பவர் அந்த எலும்பை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அது சாகவில்லை என்று காட்டினார். எலும்பு உயிரோடுதான் இருக்கிறது. கிருமியின் தாக்குதலிலிருந்து அது ஒதுங்கிப் போகிறது, அவ்வளவுதான். அதுவரை எத்தனையோ பேருடைய நல்ல எலும்பையும் சேர்த்தே சுரண்டியிருக்கிறார்கள் என்பது இதன் பொருள்!

இதற்கிடையே வேறொரு ஆபத்தும் வந்தது. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். வாயில் இருக்கும் சீழ்தான் உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்பது அவர் வாதம். அதைத் தொடர்ந்து மூட்டுவலிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் கூட பல்லைப் பிடுங்கும் வழக்கம் பரவியது. காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் கணக்கில்லாமல் குப்பைக்குப் போயின. ஈறு நோய்க்கென்றே அமெரிக்காவில் ஓர் அமைப்பு 1914-இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்கள் கில்லெட் ஹேடன், கிரேஸ் ஸ்பால்டிங் என்ற இரண்டு பெண் பல் மருத்துவர்கள். பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கவே தயங்கிய காலம் அது.

துலக்காமல் இருந்த மாணவர்கள்

நோய்க்கு எது காரணம் என்பதிலும் நெடுநாள் குழப்பம் இருந்தது. ஹாலந்து நாட்டைச் சேர்ந்த லீவன்ஹுக் 1683-லேயே தன் பல்லில் இருந்து எடுத்த அழுக்கைத் தானே செய்த லென்ஸில் வைத்துப் பார்த்து, அதில் உயிர்கள் நெளிவதை எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த உயிர்களுக்கும் ஈறு வீக்கத்திற்கும் உள்ள தொடர்பை மனிதர்களிடமே நேரடியாகக் காட்ட மேலும் 280 ஆண்டுகள் ஆயின.

1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டவர் மிக எளிமையான ஒரு சோதனையைச் செய்தார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பல் துலக்கக் கூடாது! 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மீண்டும் துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. காரணம் கிருமிப் படலம், மருந்து அதை நீக்குவது. இதற்கு மேல் சந்தேகத்திற்கு இடமில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது, அந்த மாணவர்கள் இழந்தது எதுவும் இல்லை. வீக்கம் ஈறோடு நின்றுவிட்டது. இப்படியே 20, 30 ஆண்டுகள் துலக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதை மாணவர்களிடம் சோதித்துப் பார்க்க முடியாது.

தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆய்வு

அந்தக் கேள்விக்கான விடையை லோவும் அவர் குழுவினரும் இலங்கையில் தேடினார்கள். 1970-இல் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களை அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். இளைஞர்கள். பல் துலக்கும் பிரஷ் பழக்கம் இல்லை, பல் மருத்துவ வசதியும் இல்லை. அதனால்தான் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மறுபக்கத்தில் சிறுவயது முதலே பல் மருத்துவரைப் பார்த்து வளர்ந்த நார்வே இளைஞர்கள். இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள் என்பது நமக்குத் தெரிந்ததே. உலகம் முழுவதும் பல் மருத்துவப் பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் இந்த ஆய்வு அவர்கள் வாயிலிருந்து எழுதப்பட்டது.

1985 வரை 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். முடிவுகள் 1986-இல் வெளிவந்தன. ஏறக்குறைய எல்லோருக்குமே ஈறு வீக்கம் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பற்பிடிப்பு அழியவில்லை. 8 சதவீதத்தினருக்கு மிக வேகமாக அழிந்தது. 81 சதவீதத்தினருக்கு நடுத்தர வேகம். மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவே இல்லை! வேகமாக அழிந்தவர்கள் 35 வயதில் சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தார்கள். 45 வயதில் அது 13 மில்லிமீட்டர். வேரின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

அவர்களுக்குச் சொத்தைப் பல் என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதுதான் இதில் இன்னொரு முக்கியமான செய்தி. போன பற்கள் எல்லாம் நல்ல பற்கள். தாங்கி நின்ற எலும்பு போனதால் போனவை.

எலும்பை நட்டால் வளராதா?

போன எலும்பை மீட்கும் முயற்சிகள் இதற்கு முன்பே தொடங்கிவிட்டன. 'பள்ளமாக இருக்கிறதா? எலும்பைக் கொண்டுவந்து நிரப்பு' என்பதுதான் முதலில் தோன்றிய யோசனை. 1923-இலேயே ஹெகெடஸ் என்பவர் எலும்பு ஒட்டு வைத்துப் பயோரியாவால் போன எலும்பைத் திரும்பக் கட்டும் முயற்சியை வெளியிட்டார். 1960-களில் இது வேகம் பிடித்தது. வாயின் இன்னொரு பகுதியிலிருந்து எடுத்த எலும்பை வைத்தார்கள். இடுப்பு எலும்பின் மஜ்ஜையைக் கூட எடுத்து வைத்துப் பார்த்தார்கள். 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், சுண்ணாம்புச் சத்து நீக்கப்பட்ட எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு உருவாகிறது என்று கண்டார். எலும்பை வளரச் சொல்லித் தூண்டும் புரதம் எலும்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

எக்ஸ்ரே படங்களில் பள்ளங்கள் நிரம்பின. மருத்துவர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் சிகிச்சை பெற்ற பற்களை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. புது எலும்பு இருந்தது, வேரும் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே நார்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஈறின் மேல்தோல் ஒரு நீண்ட நாக்கைப் போல உள்ளே இறங்கி வேரை ஒட்டிப் படுத்திருந்தது! 1980-இல் கேட்டன், நைமன், ஜாண்டர் ஆகிய மூவர் குரங்குகளில் நான்கு விதமான சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்கிலும் இதே கதைதான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஆறிவிட்டது. உள்ளே பழைய அமைப்பு திரும்பவில்லை.

நான்கு பேர் ஓடிய பந்தயம்

இது ஏன் இப்படி நடக்கிறது? 1976-இல் கனடாவில் பணியாற்றிய மெல்ச்சர் என்ற ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு புதிய பார்வையைத் தந்தார். அறுவை சிகிச்சை முடிந்து ஈறை மூடியதும் சுத்தம் செய்யப்பட்ட வேரின் மேல் ஒரு காலி இடம் கிடைக்கிறது. அந்த இடத்தைப் பிடிக்க நான்கு இடங்களிலிருந்து செல்கள் கிளம்புகின்றன. ஈறின் மேல்தோல், அதற்கு அடியில் இருக்கும் இணைப்புத் திசு, எலும்பு, மிச்சமிருக்கும் பல் நார்கள். எது முதலில் போய் இடம் பிடிக்கிறதோ, அதன் குணம்தான் அந்த ஆறுதலின் குணம். பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பந்தயத்தில் மேல்தோலை ஜெயிக்க ஆள் கிடையாது. அது ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை நகரும். சில நாட்களிலேயே வேரைப் போர்த்திவிடும். அதில் தவறும் சொல்ல முடியாது. உடம்பின் முதல் கவலை திறந்த புண்ணை மூடி, கிருமி நுழையாமல் தடுப்பது. பழைய கட்டடத்தை அப்படியே எழுப்புவதெல்லாம் அதற்கு அடுத்த கவலை.

மற்ற மூவரும் இடம் பிடித்தால் என்ன ஆகும்? இதைச் சோதித்தவர்கள் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டூரே நைமன், யான் லிண்டே ஆகியோரும் டென்மார்க்கின் தார்கில்ட் கேரிங்கும். 1980-இல் அவர்கள் நோயால் பாதிக்கப்பட்ட பல் வேர்களை விலங்குகளின் எலும்புக்குள் புதைத்துப் பார்த்தார்கள். எலும்பு செல்கள் வேரைத் தொட்ட இடத்தில் வேர் எலும்போடு ஒட்டிக்கொண்டது, பிறகு அரிக்கப்பட்டது. ஈறின் இணைப்புத் திசுவை ஒட்டி வைத்த வேரும் அரிக்கப்பட்டது. ஆக எலும்பு முதலில் வந்தாலும் ஆபத்து, இணைப்புத் திசு முதலில் வந்தாலும் ஆபத்து! வேர் மேல் புது சிமெண்டத்தையும் அதில் நட்ட நார்களையும் உருவாக்கக்கூடியவை பல் நார்ப் பகுதியின் செல்கள் மட்டுமே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். ஆனால் பந்தயத்தில் மெதுவாக வருவது அவைதான்.

எல்லோரும் அதுவரை நினைத்தது, வளர வேண்டியதைத் தூண்ட வேண்டும் என்று. இவர்கள் யோசனை வேறு. மெதுவாக வருபவரை வேகப்படுத்த முடியாவிட்டால், வேகமாக வருபவரைக் கொஞ்ச நாள் வாசலிலேயே நிறுத்தி வைத்தால் என்ன?

ஒரே ஒரு பல்

1982-இல் அந்த யோசனை ஒரு மனிதரின் வாயில் சோதிக்கப்பட்டது. நோய் முற்றிப்போன ஒரு கீழ் முன்பல். ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்தார்கள். பிறகு ஆய்வகங்களில் திரவங்களை வடிகட்டப் பயன்படும் மெல்லிய வடிதாள் ஒன்றை எடுத்து, வேரையும் எலும்பின் விளிம்பையும் மூடுமாறு வைத்து, அதன் மேல் ஈறைப் போட்டுத் தைத்தார்கள். ஈறின் மேல்தோலும் இணைப்புத் திசுவும் வேரைத் தொட முடியாது. கீழிருந்து நார் செல்கள் மட்டும் ஏறி வரலாம்.

மூன்று மாதங்கள் கழித்து அந்தப் பல்லைச் சுற்றியிருந்த திசுவோடு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நோயால் வெறுமையாகிப்போன வேரின் மேல் புது சிமெண்டம் படிந்திருந்தது. அதில் புது நார்கள் நட்டு நின்றன. மனிதப் பல்லில் இழந்த பிடிப்பு திரும்ப வந்ததற்கு அது சான்று.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. பல் மீண்டுவிட்டது என்று நிரூபிக்க அந்தப் பல்லையே எடுத்தாக வேண்டியிருந்தது! வெளியிலிருந்து அளந்தாலும், எக்ஸ்ரே எடுத்தாலும், நீண்ட மேல்தோலால் ஆறியதற்கும் நார்கள் நட்டு வளர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு தெரியாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்தச் சிக்கல் இன்று வரை இந்தத் துறையை விடவில்லை.

வடிதாளிலிருந்து டெஃப்லானுக்கு

ஈறுக்குள் வைக்க வடிதாள் வசதியான பொருள் அல்ல. அடுத்த திரை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சூடாக்கி வேகமாக இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய தாளாக விரிந்தது. மழைக்கோட்டுத் துணியில் புகழ்பெற்ற அதே பொருள் செயற்கை ரத்தக் குழாயாகவும் பயன்பட்டது. உடம்பு அதை ஒதுக்குவதில்லை என்பதால் பல் மருத்துவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1986-இல் யான் காட்லோவும் மேற்சொன்ன குழுவினரும் 10 நோயாளிகளின் 12 பற்களில் இதைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். 'வழிகாட்டப்பட்ட திசு மீள்வளர்ச்சி' என்ற பெயர் இந்த முறைக்கு நிலைத்தது.

டெஃப்லானிலும் தொல்லைகள் இருந்தன. அது கரையாது. நான்கு முதல் ஆறு வாரங்களில் மறுபடி ஈறைத் திறந்து திரையை வெளியே எடுக்க வேண்டும். இடையில் ஈறு விலகித் திரை வெளியே தெரிந்தால் அதில் கிருமி குடியேறி எல்லாம் பாழாகும். எனவே தானாகக் கரையும் திரைகள் வந்தன. கொலாஜனாலும், கரையும் தையல் நூலில் பயன்படும் வகைப் பொருட்களாலும் செய்யப்பட்டவை அவை. 1988-இல் டாலினும் அவர் சகாக்களும் எலிகளின் தாடை எலும்பில் துளையிட்டு, இதே திரையால் மூடினால் அங்கே எலும்பு முழுமையாக வளர்கிறது என்று காட்டினார்கள். பல் இம்ப்ளாண்ட் வைக்கப் போதுமான எலும்பு இல்லாதவர்களுக்கு எலும்பு வளர்க்கும் இன்றைய முறைக்கு வேர் இதுதான்.

முளைக்கும் பல்லிடம் கற்ற பாடம்

திரை வைப்பது ஒரு வகையில் போலீஸ்காரர் வேலை. அடுத்து வந்தவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். குழந்தையின் தாடையில் முதல்முறை பல் உருவாகும்போது வேரில் சிமெண்டம் படியச் சொல்லி யார் உத்தரவிட்டது?

ஸ்வீடனின் லார்ஸ் ஹாமர்ஸ்ட்ரோம் இதற்குச் சொன்ன விடை எனாமல் புரதங்கள். பல்லின் வெளிப்புறத்தில் பளபளப்பான எனாமலை உருவாக்கும் அதே வகைப் புரதங்கள் வேர் வளரும்போதும் அதன் மேல் படிகின்றன, அவைதான் சிமெண்டம் உருவாகத் தூண்டுகின்றன என்பது அவர் கருத்து. இளம் பன்றிகளின் தாடையில் உருவாகிக்கொண்டிருக்கும் பற்களிலிருந்து அந்தப் புரதத்தை எடுத்து ஜெல்லாக்கினார்கள். இதற்கான முக்கிய ஆய்வுகள் 1997-இல் வெளிவந்தன. சுத்தம் செய்த வேரின் மேல் இந்த ஜெல்லைத் தடவி ஈறை மூடித் தைத்துவிடுவார்கள். பன்றி என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றிய இன்சுலினும் பன்றி, மாடுகளிலிருந்து வந்ததுதான்.

2004-இல் இன்னொரு படி. பிடுங்கிய மனிதப் பற்களின் நார்ப் பகுதியில் தண்டு செல்கள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவற்றை எலிகளுக்குள் வைத்தபோது சிமெண்டமும் நாரும் போன்ற அமைப்புகள் உருவாயின. மெல்ச்சர் 1976-இல் சொன்ன அந்த மெதுவான ஓட்டக்காரர் யார் என்பது அப்போது இன்னும் தெளிவாயிற்று.

எல்லாம் திரும்பி வருமா?

வராது. இதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். எலும்பு எந்த வடிவத்தில் கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததே எல்லாம். சுற்றிலும் எலும்புச் சுவர் இருக்க, நடுவில் மட்டும் ஆழமாகவும் குறுகலாகவும் ஒரு குழி விழுந்திருந்தால் மீள்வளர்ச்சிக்கு நல்ல வாய்ப்பு உண்டு. சுவர்களிலிருந்து செல்கள் வரும், திரையோ எலும்புத் தூளோ சரியாமல் நிற்கும். ஆனால் ஏரி வற்றுவது போல எல்லாப் பற்களைச் சுற்றியும் எலும்பு ஒரே மட்டமாக இறங்கியிருந்தால், அதை மேலே ஏற்ற நம்பகமான வழி இன்னும் இல்லை. புகைபிடிப்பவர்களுக்குப் பலன் குறைவு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குப் புண் ஆறுவதே சிரமம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை உண்டு. வாயில் கிருமிப் படலம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதனால்தான் எந்த நல்ல மருத்துவரும் நேராக அறுவை சிகிச்சைக்குப் போவதில்லை. முதலில் துலக்கக் கற்றுக்கொடுப்பார், பிறகு ரிக்ஸ் செய்தது போலக் காரையைச் சுத்தம் செய்வார், சில மாதங்கள் பொறுத்திருந்து பள்ளங்களை மீண்டும் அளப்பார். அப்போதும் ஆழமாக இருக்கும் இடங்களுக்குத்தான் மீள்வளர்ச்சிச் சிகிச்சை.

மீண்டும் தேயிலைத் தோட்டத்திற்கு

இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மனதை ஏதோ செய்கிறது. 1982-இல் ஸ்வீடனில் ஒரு பல்லுக்கு இழந்த பிடிப்பு திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டுகளில் இலங்கையின் தோட்டங்களில் ஆய்வுக்குட்பட்ட தொழிலாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு பிடிப்பை இழந்துகொண்டிருந்தார்கள், அந்த இழப்பு மில்லிமீட்டர் கணக்கில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஈறு நோயைத் தடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் அவர்களிடமிருந்துதான் கற்றது. உலகத்திடமிருந்து அவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2010-இல் ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் அங்கே போனார்கள். 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. 480 பேரில் 75 பேரை மட்டுமே மீண்டும் பரிசோதிக்க முடிந்தது. அந்த முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. 15 ஆண்டுகளாகத் திட்டமிட்ட ஓர் ஆய்வு, ஒரு மனித ஆயுளின் பெரும்பகுதியைத் தழுவிய ஆய்வாக மாறியது. சிகிச்சை கிடைக்காத ஈறு நோயின் முழு வரலாறு இன்று நம்மிடம் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் பெயர் தெரியாத அந்த மனிதர்கள்.

டெஃப்லான் திரையும், பன்றிப் பல் ஜெல்லும், தண்டு செல்லும் எவ்வளவு முன்னேறினாலும், அவற்றால் முடிவது போனதில் ஒரு பகுதியை மீட்பது. உடம்பு அவசரத்தில் புண்ணை மூடிவிடும். இழந்ததைத் திரும்பக் கட்ட அதற்கு நேரமும் இடமும் யாராவது ஒதுக்கித் தர வேண்டும். அதற்குச் செலவும் ஆகும், எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் ஆர்ஹஸ் மாணவர்கள் ஒரு வாரத்தில் திரும்பப் பெற்ற ஆரோக்கியத்துக்கு ஆன செலவு ஒரு பிரஷ்.

துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால், 'அழுத்தித் துலக்கிவிட்டோம்' என்று கொப்பளித்துத் துப்பிவிடுவதுதான் நம் வழக்கம். அது நஷ்டக் கணக்கின் முதல் வரியாக இருக்கலாம். முதல் வரியிலேயே கணக்கைப் பார்த்துவிட்டால், போன முதலைத் தேடி அலைய வேண்டியதில்லை.